பணியிடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டப் பாதுகாப்பு (இந்தியா)

இந்தியாவில் இப்பாதுகாப்பின் அடிப்படை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின.

சட்டத்தின் உயிர்நாடி பிரிவு 20. அரசு நிறுவனங்கள் வேலை தொடர்பான எதிலும் பாகுபாடு காட்டக்கூடாது. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கவும் கூடாது. சாய்தளம், திரைவாசிப்பு மென்பொருள் போன்ற நியாயமான வசதிகளைச் செய்து தருவது கடமை, சலுகை அன்று. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலையைச் செய்ய இயலாதெனில், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை மிகைப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும்.

1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த இந்தப் பாதுகாப்புக்கு வலுவூட்டியது உச்ச நீதிமன்றத்தின் 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இடது கால் துண்டிக்கப்பட்ட காவலர் ஒருவரை, நிரந்தரமாகத் தகுதியிழந்தவர் என்று துறை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அவர் ஓய்வூதியம் பெறுகிறார் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்காமல், மாற்றுப்பணி தர உத்தரவிட்டது.

அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீடு உண்டு. தனியார் துறைதான் பெரிய ஓட்டை. சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடும் கடமை தனியார் நிறுவனங்களுக்கும் இருந்தாலும், பிரிவு 20இன் வேலைக் காப்பு அங்கு எட்டவில்லை. சட்டத்தை முதன்முறை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரைதான். பெருநிறுவனங்களை இது அச்சுறுத்தாது.