கல் நடப்படாத மரணங்கள்

சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திராத நாஞ்சில் நாட்டார் குறைவு. இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்கள் பிறர் கைகொடுக்காமலே சுமையை இறக்கி இளைப்பாறியது அதில்தான். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்காத சுமையோடு போனவளின் பாரம், வழிப்போக்கர் சுமையிறக்கும்போதெல்லாம் குறையும் என்று நம்பினார்கள். கையில் குழந்தையேந்தி நிற்கும் இசக்கியையும் நாம் இந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறோம்.

ஆக, தாயின் மரணத்திற்குக் கல் உண்டு, தெய்வமும் உண்டு. உயிரோடு பிறந்து, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பால் குடிக்க மறுத்து, உடல் குளிர்ந்து அடங்கிய சிசுவுக்கு என்ன இருந்தது? பட்சிதோஷம், கண்ணேறு என்ற பெயர்கள் இருந்தன. பழி தாயின் தலையில் விழுந்தது.

அம்மரணங்களில் ஒரு பகுதிக்கேனும் சாட்சியம் நஞ்சுக்கொடியில் இருந்திருக்கும். (நாஞ்சில் என்றால் கலப்பை, இந்த நஞ்சுக்கும் அதற்கும் உறவில்லை.) பனிக்குடம் உடைந்து பேறு நீளும்போது, பிறப்புவழிக் கிருமிகள் மேலேறிப் பனிக்குடச் சவ்வையும் நஞ்சுக்கொடியையும் அழற்சிக்கு உள்ளாக்குகின்றன. கிருமி கலந்த நீரைச் சிசு உள்ளிழுக்கிறது. நிமோனியாவும் இரத்தத் தொற்றும் அதனால் வரலாம். குறைமாதப் பேற்றுக்கும் இவ்வழற்சி ஒரு முக்கியக் காரணம். குறைமாதக் குழந்தைகள் சிலரின் மூளை ஊறுபட்டு, பின்னாளில் பெருமூளை வாதமாக வெளிப்படுவதும் உண்டு. சவ்வில் வந்து குவியும் வெள்ளணுக்கள் பெரும்பாலும் தாயினுடையவை. தொப்புள்கொடிக் குழாய்களின் சுவரில் காண்பவையோ குழந்தையினுடையவை. பிறக்குமுன்பே அது தன் அளவில் போரிட்டிருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, சற்று நேரம் பேச்சு எழுவதில்லை.

நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப் பணியை ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கியது 1838இல். வியன்னாவில் செம்மல்வைஸ், மகப்பேற்று அறைக்குள் நுழையும் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கைகழுவ வேண்டும் என்று கட்டளையிட்டது 1847இல். அதாவது நெய்யூர் மருத்துவம் அந்தக் கைகழுவலைவிட ஒன்பது ஆண்டு மூத்தது! ஆகவே அங்கே தொடக்க நாட்களில் என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை என்று குறை காண்பது முறையாகாது. உலகில் மிகச் சிலரே அறிந்திருந்த ஒன்று அது. பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் கண்ட அதே மாற்றங்கள் அவர்களின் சிசுக்களிலும் இருந்தன என்பதையும் செம்மல்வைஸ் எழுதிவைத்தார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாய்களைச் சொல்வார்கள். சிசுக்கள் விடுபட்டுப் போகும்.

1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நிர்வாகத் தொடர்ச்சியில் இருந்தது. ஆகவே, 1916இல் திருவனந்தபுரம் தைக்காடு மருத்துவமனையில் பொறுப்பேற்ற மேரி புன்னன் லூக்கோஸ் நம் வரலாற்றிலும் ஒருவர். பின்னர் 1938இல் அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியளிக்க அவர் எடுத்த முயற்சியையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். ஏனெனில் கட்டடங்களைக் காட்டிலும் கிராமத்து வீட்டின் பின்னறைக்குள் போய்வந்தவை அந்தக் கைகள்தாம். பென்சிலின் வந்தது அதற்கும் பிறகே.

அந்தப் பின்னறையில் பேறு முடிந்ததும் நஞ்சுக்கொடியை வீட்டைச் சுற்றிய மண்ணில், நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுவார்கள். குழந்தை மூன்றாம் நாள் இறந்தால், ஏன் என்று கேட்பதற்கு இருந்த ஒரே ஆவணம் அதற்குள் மண்ணாகத் தொடங்கியிருக்கும்.

பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம் என்று இன்று மருத்துவமனையில் கேட்கிறார்கள். பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டினால் சிசுவைத் தனிக் கவனத்தில் வைக்கிறார்கள். நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்றும் பார்க்கிறார்கள். ஆய்வகம் வரை செல்வது மிகச் சிலவே.