ஏரிச் சங்கிலியும் கருவிச் சங்கிலியும்

விழுப்புரத்தை அடுத்த கெடார்ப் பகுதி, மழையையும் ஏரியையும் நம்பி வாழும் நாடு. அந்நாட்டு உழவருக்கு ஒரு செய்தியைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. மேல் ஏரி நிறைந்து கலிங்கு வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர் வரும். இடையில் வாய்க்கால் தூர்ந்துவிட்டால், மேலே வெள்ளம் போனாலும் கீழே வறட்சிதான். தன் ஏரிக்கரையை ஓர் ஊர் எவ்வளவு செம்மையாகக் காத்தாலும், மேலூரார் கலிங்கை உயர்த்திக் கட்டிவிட்டால் அவ்வூரின் நெல் வாடும். வாடிய வயலைப் பார்த்து உழவனைச் சோம்பேறி என்று சொல்பவன், நீர் வரும் வழியை அறியாதவன்.

அறிவியல் கணிப்பொறித் துறையிலும் இத்தகைய ஒரு சங்கிலி உண்டு. கெடாரிலிருந்து விழுப்புரத்துக்குக் கல்லூரி செல்லும் ஒரு மாணவர், கணக்கீட்டுக்கான மென்பொருள் ஒன்றைத் தம் கணிப்பொறியில் நிறுவ முயல்கிறார் என்று கொள்வோம். “இன்ன நிரல் நூலகம் இல்லை” என்று பொறி சொல்கிறது. அதனைத் தேடிக் கொணர்ந்தால், அது வேறொன்றைக் கேட்கிறது. அதனையும் கொணர்ந்தால், “பதிப்பு பொருந்தவில்லை” என்கிறது. பொழுது சாய்கிறது. “இது நமக்கு வராது போலும்” என்று மாணவர் எழுந்துவிடுகிறார். அவர் கைவிட்டது ஒரு மென்பொருளை மட்டுமா? தம் அறிவில் தாம் கொண்ட நம்பிக்கையையும் அன்றோ! இந்தச் சார்புச் சிக்கலின் வரலாற்றை அறிந்தோர், தவறு எங்கே நிகழ்ந்தது என்பதை வேறு வகையாக உணர்வர்.

வரலாறு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே 1949 மே மாதத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கலாயிற்று. ஒவ்வொருவரும் வர்க்கமூலம் காணும் வழியைப் புதிதாக எழுதுவது வீண் உழைப்பு என்பதை வில்க்ஸ், வீலர், கில் ஆகிய அறிஞர்கள் உணர்ந்தனர். பொதுவான கணக்குகளுக்குத் துணைநிரல்களை எழுதிக் காகித நாடாக்களில் துளையிட்டு ஒரு பெட்டகத்தில் அடுக்கி வைத்தனர். 1951-க்குள் அவை 87 ஆயின. வேண்டியவர் வேண்டிய நாடாவை எடுத்துத் தம் நாடாவில் படியெடுத்துக்கொள்ளலாம். ஒரு துணைநிரல் மற்றொன்றை வேண்டுமாயின், அதனையும் நினைவாகச் சேர்த்துக்கொள்வது நிரல் எழுதுவோரின் பொறுப்பு. பிறர் உழைப்பின்மேல் நம் உழைப்பைக் கட்டும் வழக்கம் அன்று வேரூன்றியது. சார்பும் அதனுடனேயே பிறந்தது.

நம் நாட்டிலும் பெரிய பொறிகள் வந்தன. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான டிஃப்ராக் 1960-இல் இயங்கத் தொடங்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1973-இல் ஐ.பி.எம். 370 பொறியைப் பெற்றது. அக்காலத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு பொறி. அதற்கென ஒரு காவலர் குழு. நூலகங்களை நிறுவுவதும் புதுப்பிப்பதும் அக்குழுவின் வேலை. ஏரிச் சங்கிலி முழுவதும் ஒரே ஊரின் எல்லைக்குள் இருந்தது போன்ற நிலை அது. சிக்கல் இருந்தாலும் அது மாணவரின் வாயில்வரை வரவில்லை.

பின்னர் அறிவியல் நூலகங்கள் உலகின் பொதுச் சொத்தாயின. நேரியல் இயற்கணிதத்துக்குரிய அடிப்படைத் துணைநிரல்களான பிளாஸ் 1979-இல் வெளிவந்தன. அதே ஆண்டில் வெளியான லின்பேக் அவற்றின்மேல் எழுந்தது. 1992-இல் லாபேக் வந்தது. இவற்றைப் பரப்புவதற்காக டொங்காராவும் குரோசும் 1985-இல் நெட்லிப் என்னும் பண்டகத்தை ஏற்படுத்தினர். மின்னஞ்சலில் ஒரு நிரலின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்நிரலோடு அது வேண்டும் பிற துணைநிரல்களையும் சேர்த்தே அப்பண்டகம் அனுப்பிவைத்தது. “இது மட்டும் போதும்” என்று கேட்பதற்கும் வழி இருந்தது. மனிதர் நினைவில் வைத்திருந்த சார்பைப் பொறியே நினைவில் வைக்கத் தொடங்கியதற்கு இது நல்ல சான்று.

தென்னார்க்காட்டினின்று பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30 அன்று. அதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்னர், ஆகஸ்டு 16 அன்று, அமெரிக்காவில் ஐயன் மர்டாக் என்னும் மாணவர் டெபியன் என்னும் இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்பட்டது. தனக்கு எவை வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும், எதனோடு தான் பகை என்பனவற்றை அப்பொதியே தன் முகப்பில் எழுதி வைத்திருக்கும். தொடக்கத்தில், சார்பு குறைந்தால் நிறுவும் கருவி குறையைச் சொல்லி நின்றுவிடும். தேடி அலைவது மனிதர் கடன். 1999-இல் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்பு ஆப்ட் என்னும் கருவியுடன் வந்தது. அக்கருவி சங்கிலியின் கண்ணிகள் அனைத்தையும் தானே கணக்கிட்டுத் தானே கொணர்ந்து நிறுவியது.

இனி நம் சென்னைக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து இரயில் வழியே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்நகரில், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பிரபு இராமச்சந்திரன் என்பவர் வானூர்திப் பொறியியலில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். காற்றோட்டக் கணக்குகளின் விடைகள் எண் குவியல்களாக வரும். அவற்றை முப்பரிமாணப் படமாகக் கண்ணுக்குக் காட்ட, மாயாவி என்னும் கட்டற்ற மென்பொருளை அவர் உருவாக்கி 2001-இல் அறிஞர் அவையில் விளக்கினார். உலகின் பல நாட்டு ஆய்வாளர் அதனைப் பயன்படுத்தலாயினர்.

மாயாவி தனித்து நிற்பதன்று. அது பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. படம் வரையும் கடின வேலைக்கு, அமெரிக்காவில் 1993-இல் மூவர் ஒரு பாடநூலுக்குத் துணையாக எழுதிய வி.டி.கே. என்னும் பெரிய நூலகத்தை அது நம்பியிருந்தது. ஆயத்தமான பொதி கிடைக்காதவர், வி.டி.கே.யை மூலநிரலிலிருந்து தாமே கட்டவேண்டும். அதற்கு சி பிளஸ் பிளஸ் தொகுப்பி வேண்டும், சிமேக் வேண்டும், வரைகலை நூலகம் வேண்டும், பைத்தானுடன் இணைக்கும் பாலமும் வேண்டும். மாயாவியை நிறுவுவது எளிது. மாயாவி நிற்கும் தரையை நிறுவுவதே அரிது.

மேல் ஏரியின் கலிங்கு மாறினால் கீழ் ஏரி என்னாகும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2013-இல் வி.டி.கே. ஆறாம் பதிப்பு, தரவை உள்ளே செலுத்தும் முறையை மாற்றியது. பழைய முறையில் எழுதப்பட்ட நிரல்கள் அப்பதிப்பில் இயங்கவில்லை. மாயாவியும் திருத்தி எழுதப்பட வேண்டியதாயிற்று. மற்றொரு தடை இன்னும் நெடியது. பைத்தான் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. வி.டி.கே. அதனை ஏற்றது 2016-இல் வந்த தன் ஏழாம் பதிப்பில்தான். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளுக்கு மேல், மாயாவியை எழுதியோர் எவ்வளவு விரும்பினாலும் புதிய பைத்தானுக்கு முழுமையாக மாற இயலவில்லை. மாயாவியைப் பயன்படுத்திய ஆய்வாளரும் அவர்களோடு காத்திருந்தனர். இங்கே எவர்மேல் குற்றம் சொல்வது? ஒவ்வொருவரும் தம் ஏரியைச் செம்மையாகவே காத்தனர்.

இச்சிக்கலைப் பொறியே முற்றிலும் தீர்த்துவிடாதோ என்று கேட்கலாம். ஒரு கருவி நம்பை நூலகத்தின் பழைய பதிப்பைக் கேட்கிறது. மற்றொன்று புதிய பதிப்பைக் கேட்கிறது. இரண்டையும் ஒருங்கே வைக்க இயலாது. இவ்வாறு 30 பொதிகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டே பதிப்புகள் இருந்தாலும், சேர்க்கைகள் 107 கோடிக்கு மேல் ஆகும். 2006-ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய ஆய்வாளர், பொதிகளைப் பொருத்தும் இப்பணி கணிப்பொறியியலின் மிகக் கடினமான சிக்கல்களின் வகுப்பைச் சேர்ந்தது என்று நிறுவினர். எல்லா நிலைகளிலும் விரைவாக விடை தரும் முறை எதுவும் இன்றுவரை அறியப்படவில்லை. ஆகவே, தருக்கவியல் வழித் தேடும் நுண்ணிய முறைகளைக் கையாண்டனர். ஓபன்சூசே இயங்குதளம் 2008-இல் அம்முறையைக் கைக்கொண்டது. பைத்தானின் பிப் என்னும் நிறுவுகருவியோ, 2020 வரை முதலில் கண்ட நிபந்தனையையே ஏற்றுக்கொண்டு, பின்னர் வருவது முரண்பட்டாலும் நிறுவிவிடும். அவ்வாண்டின் இறுதியில்தான் முரணைக் கண்டறியும் புதிய முறை அதற்கு இயல்பாயிற்று. மாணவர் ஒருவரை மாலைப் பொழுதில் மலைக்கவைத்த சிக்கல் அறிஞர்களையே பல்லாண்டு மலைக்கவைத்தது என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

வேறு இரண்டு வழிகளும் கண்டனர். ஒன்று, ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை ஒதுக்குவது. 2012-இல் தோன்றிய காண்டா போன்ற கருவிகள், ஓர் ஆய்வுக்கு ஒரு சூழலும் மற்றோர் ஆய்வுக்கு வேறொரு சூழலும் அமைத்துத் தந்தன. முரண்பட்ட பதிப்புகள் தனித்தனி அறைகளில் அமைதியாக வாழ்ந்தன. மற்றொன்று, கட்டி முடித்த பொதியையே வழங்குவது. கடைசி மாணவர்வரை ஒவ்வொருவரும் சூளை போட்டுச் செங்கல் சுட வேண்டியதில்லை என்னும் நிலை அதனால் வந்தது.

இவ்வரலாறு கெடார் போன்ற ஊர்களையும் வந்தடைந்தது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடப்பட்டிருந்தது. அது சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவானது. ஆகவே சார்பை அறிந்து பொதிகளைப் பொருத்தும் அறிவு, சிற்றூர் வீட்டுத் திண்ணைக்கே வந்தது எனலாம். ஆயினும் ஒரு குறை. ஆப்ட் கருவி சங்கிலியை அறியும். கண்ணிகளைக் கொணர இணையம் வேண்டும். இணையம் மெலிந்த ஊரில், வட்டிலோ நினைவுக்கோலோ சுமந்து வரும் ஒருவர் வேண்டும். வரும்போது மாயாவியை மட்டும் கொணர்ந்தால் போதாது. அதன் முன்னோர் அனைவரையும் கொணரவேண்டும். விழுப்புரத்தில் இயங்கும் குனு லினக்ஸ் பயனர் குழு போன்ற அமைப்புகள் சிற்றூர் மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருவது இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மாணவ நேயர்களே! நிறுவல் தவறும்போது முதலில் பொறி சொல்லும் செய்தியை முழுதும் படியுங்கள். எந்தக் கண்ணி அறுந்தது என்பதை அது பெரும்பாலும் சொல்லிவிடும். வேலை இனிது முடிந்த நாளிலோ, எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பதிப்பு மாறினால் சிற்சில வேளைகளில் கணக்கின் விடையும் மாறும். அப்பட்டியல் இல்லாத ஆய்வை, நாளை மற்றொருவர் சரிபார்க்க இயலாது. பிறர் சரிபார்க்க இயலாத விடையை அறிவியல் ஏற்பதில்லை. அத்தாளைப் பக்கத்து மாணவருக்கும் கொடுங்கள். நம் ஊர்களில் ஏரி நிறைந்ததும் வாய்க்காலைச் செம்மை செய்து அடுத்த ஊருக்கு நீர் விட்டவர்கள் செய்த செயலும் அதுவே.