மைக் ஊளையிட்ட கதை

மேடையில் பேசுபவரை 'கீ...' என்று ஒரு சத்தம் துரத்துகிறதே, அதற்கு வயது நூறுக்கு மேல்! 1915-ல் கலிபோர்னியாவின் நாபா ஊரில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் மைக்கை ஒலிபெருக்கியோடு இணைத்தபோது கேட்டது ஊளைதான். ஒலிபெருக்கிச் சத்தமே மைக்கில் திரும்ப நுழைந்து, சுற்றிச் சுற்றிப் பெருகியது. குழாயைக் கூரைமேல் ஏற்றித் தள்ளி வைத்தார்கள்.

1960-களில் பெல் ஆய்வகத்தின் மன்ஃபிரெட் ஷ்ரோடர், ஒலியின் அதிர்வெண்ணைச் சில ஹெர்ட்ஸ் மட்டும் நகர்த்தி ஊளையை வளரவிடாமல் தடுத்தார். அபாரமான யோசனை. ஆனால் ஏற்கெனவே பதிவாகிவிட்ட பேச்சுக்கு இது உதவாதே! அதற்கு 2000-ல் வந்த ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் கைகொடுத்தன. ஊளையின் அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து, 'நாட்ச் ஃபில்டர்' போட்டு, ஊளை வரும் இடத்தில் மட்டும் குறுகலாக வெட்ட வேண்டும். வெட்டு அகலமானால் பேசியவர் குரலும் சேர்ந்து போய்விடும்.