கடல்கட்டியும் அளவு நாடாவும்

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் விருந்தினர்க்குப் பஞ்சமிருக்காது. அப்படியொரு சாரல் நாளில், ஐந்தருவியில் நனைந்த தலை உலருமுன்னே, விலங்கியல் முதுகலை முடித்திருந்த அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, சுறா ஆராய்ச்சியில ஒரு களப்பயிற்சி இருக்கு. படகுல கூட்டிட்டுப் போயி, சுறாவக் கையால புடிச்சு, அளந்து, அடையாளம் போட்டு விடச் சொல்லித் தாராங்க. சேரட்டுமா?" நான் வாய் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து அண்ணியாரின் பதில் வந்துவிட்டது: "ஏட்டி, மலையடிவாரத்துப் புள்ளைக்குச் சுறாவு எதுக்கு?"

அண்ணியாரின் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனாலும் அதற்கு முதல் விடை நிலப்படத்திலேயே இருக்கிறது. குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. அருவியில் நம் தலைமேல் விழும் நீர் போய்ச் சேருமிடம், உலகம் முத்துக்குப் பெயர் சொன்ன கடல். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை மலையும் கடலும் ஒரே திருநெல்வேலிச் சீமைக்குள் இருந்தவை (தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்). சாரலுக்குக் குற்றாலத்தில் தங்கிய அதே ஆங்கிலேய ஆட்சிதான் முத்துக்குளிப்பின் கணக்கையும் பார்த்தது. ஆகவே சுறா நமக்கு அயலூர்ச் செய்தியன்று.

கையால் தொட்டுப் பழகிய சுறா அறிவு இக்கரையில் எவ்வளவு பழையது என்று தேடப் புகுந்தேன். பட்டினப்பாலையில் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபடுகின்றனர். அது வேளா மீனின் பல்வரிசைக் கொம்பாக இருக்கலாம் என்பது என் ஊகம். அச்சமும் பிழைப்பும் வழிபாடும் ஒரே உயிரின்மேல் குவிந்திருந்தன என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

அடுத்த சான்று வெனிசு நகரத்தவர் தருவது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பை விரிவாக எழுதியிருக்கிறார். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுவரை வணிகர் கூட்டாகப் படகு செலுத்துவர். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. மூழ்குவோரைப் பெருமீன்கள் தீண்டாவண்ணம் மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கு. அவர்களை அவர் 'அபிரையமான்' என்கிறார். பிராமணர் என்பதன் திரிபு என்பது உரையாசிரியர்கள் கொள்கை. இந்த மந்திரக் கட்டு பகலுக்கு மட்டுமே உரியது. இரவானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள்; மீன்கள் மனம்போல் திரியும்.

ஏன் அவிழ்க்க வேண்டும்? சற்றே எண்ணிப் பார்த்தால் விடை தெரியும். கட்டு அவிழ்ந்த கடலில் இரவில் எவனும் திருட்டுத்தனமாக மூழ்கத் துணியமாட்டான். காசில்லாமல், கண் துஞ்சாமல் முத்துப்பாரைக் காக்க சுறாவையே காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள்!

ஐந்நூறு ஆண்டு கழித்தும் அந்தத் தொழில் அப்படியே இருந்தது. தமிழில் அவர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர். வளைகுடாவின் எதிர்க்கரையில், இலங்கையின் அரிப்புத் துறையில், தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போன முத்துக்குளிப்போர் கடல்கட்டியின்றி நீரில் இறங்க மறுத்தனர். 1807-இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட பாதிரியார் கோர்டினர் வர்ணிக்கும் காட்சி சுவையானது. இரண்டு கடல்கட்டிகள். ஒருவர் தலைமை மாலுமியின் படகில் செல்வார். மற்றவர் படகுகள் புறப்பட்டது முதல் திரும்பும்வரை கரையில் ஓர் அறைக்குள் அடைபட்டிருப்பார்; யாரும் பார்க்கக் கூடாது. அவர்முன் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் நீர். அதில் வெள்ளியால் செய்த ஆண் மீன் ஒன்று, பெண் மீன் ஒன்று. கடலில் சுறாவால் விபத்து நேர்ந்தால் ஒரு மீன் மற்றதைக் கடிக்கும் என்பது நம்பிக்கை. தம்மை மதியாதவன்மேல் சுறாவை ஏவவும் கடல்கட்டியால் முடியும் என்றும் நம்பினார்கள். ஆகவே அன்பளிப்புக்குக் குறைவில்லை!

அரிப்பில் இத்தொழில் ஒரே குடும்பத்தின் உரிமை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைக் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் பார்த்தபோது, தலைமைக் கடல்கட்டிக்கு அரசுச் சம்பளம். அதற்குமேல் ஒவ்வொரு படகிலிருந்தும் நாள்தோறும் பத்துச் சிப்பி. நூறு படகு இறங்கினால் ஒரு நாளைக்கு ஆயிரம் சிப்பி என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். அப்போது அப்பதவியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர். போலோவின் காலத்துப் பிராமணர் இடத்தில் கத்தோலிக்கர் வந்தமர்ந்ததில் யாருக்கும் முரண்பாடு தோன்றவில்லை. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களிலேயே கிறித்தவம் தழுவியவர்கள். மதம் மாறிற்று, கடல் மாறவில்லை. பிரித்தானியர் ஆட்சி தொடங்கியது முதல் அதுவரை சுறாவால் நேர்ந்ததென உறுதிப்பட்ட விபத்து ஒன்றுக்கு மேலில்லை என்றும் டென்னன்ட் குறிக்கிறார்.

மந்திரத்துக்கா அந்தப் பெருமை? எனக்குத் தோன்றுவது வேறு. நூற்றுக்கணக்கான படகுகளின் துடுப்பொலியும், கல் கட்டி மூழ்குவோரின் சந்தடியும் சுறாவை அப்பால் விரட்டியிருக்கும். கடல்கட்டி கட்டியது சுறாவையன்று, மனிதரின் அச்சத்தை. அதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர், உயிரைப் பணயம் வைப்பவன் கேட்கும் உறுதிமொழிக்கு மாற்றாக எதைத் தருவார்கள் என்று சொல்லட்டும். தூத்துக்குடியில் 1961-க்குப்பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. கடல்கட்டியும் அத்தோடு வேலையிழந்தார்.

மறுபுறம் ஏட்டறிவு வளர்ந்துகொண்டிருந்தது. அதன் மூலப்பொருள் செத்த சுறா. 1803-இல் பாட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்து மீன்களை வரைந்து, ஊரார் சொன்ன பெயர்களோடு அச்சிட்டார். பெர்லினில் இருந்த முல்லரும் ஹென்லேயும் 1839-இல் ஒரு சுறா இனத்துக்குச் 'சொர்ரா' என்ற சொல்லையே அறிவியல் பெயராக நிறுத்தினர்: கார்க்காரைனஸ் சொர்ரா. சோழமண்டலக் கரைக்காரர் வாயிலிருந்து போன நம் சுறாவேதான் அது; தெலுங்கருக்கும் சொரதான். பெயர் தெரியாத ஏதோ ஒரு மீனவனின் சொல் இன்றும் உலகத்து ஆய்வேடுகளில் இலத்தீன் உடுத்தி நிற்கிறது. 1875 முதல் 1878 வரை வெளிவந்த பிரான்சிஸ் டேயின் 'இந்திய மீன்கள்' நூலிலும் தமிழ்ப் பெயர்கள் உண்டு. கேட்டவர் பெயர் அட்டையில் இருக்கிறது; சொன்னவர் பெயர் எங்கும் இல்லை.

அதே 1839-இல் பெயரிடப்பட்ட இன்னொன்று புதுச்சேரிச் சுறா. இதன் உறுதியான கடைசிப் பதிவு 1979-ஆம் ஆண்டினது. ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய உயிர் இனி இல்லாமலே போகலாம்.

குற்றாலத்துக்குச் சற்றே திரும்பலாம். தாமிரபரணியில் ஒரு கெண்டை உண்டு; டாக்கின்சியா தாம்பிரபர்ணியை என்று ஆற்றின் பெயரையே சுமப்பது. 1954-இல் அதை விவரித்தவர் ஈ. ஜி. சைலஸ் என்னும் இளம் ஆய்வாளர். மேற்குமலை ஓடை மீன்களில் தொடங்கிய அவர் பின்னர் கடலுக்குப் போனார். 1975 முதல் 1985 வரை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தார். 1947-இல் நிறுவப்பெற்ற அந்நிலையம் இரு பத்தாண்டுகளுக்கும் மேலாக மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1971-இல் கொச்சிக்குப் பெயர்ந்தது. இந்தியச் சுறாக்களைப்பற்றி நாம் இன்று அறிந்தவற்றில் பெரும்பகுதி, அந்நிலையத்தார் விடியலில் மீன் இறங்குதளங்களில் நின்று, ஏலம் முடிவதற்குள் அவசர அவசரமாக எடுத்த அளவுகளிலிருந்து வந்தது. ஆற்றிலிருந்து கடலுக்குப் போன மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதை அண்ணியாரிடம் சொல்லிப் பார்த்தேன். "அவுக ஆம்பிள" என்றார். (அதற்கு என்னிடம் பதில் இருந்தது, அன்று பழைய சோற்றுக்கு நேரமாகிவிட்டது.)

சுறாவுக்கு வந்த கேட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப்போரில் காட் மீன் எண்ணெய் வரத்து நின்றபோது சென்னை மாகாணத்தில் சுறா ஈரல் எண்ணெய் காய்ச்சினார்கள். பிறகு தூவிக்கு விலை ஏறிற்று. கிழக்காசியாவின் சூப்புக் கிண்ணத்துக்காகச் செதில்கள் கப்பலேறின. மெல்ல வளர்ந்து, காலந்தாழ்த்தி, சில குட்டிகளே ஈனும் உயிர்க்கு அந்த வேகம் தாங்கவில்லை. 1970-க்குப்பின் பெருங்கடல் சுறா, திருக்கைகளின் தொகை 71 விழுக்காடு குறைந்துவிட்டதென 2021-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அரசு என்ன செய்தது என்பதே இங்கு முக்கியம். 2001 ஜூலையில் சுறா, திருக்கை அனைத்தையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன சட்டமோ அதுவே குழம்புச் சட்டிப் பால்சுறாவுக்கும்! குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்தார் தலைமுறையாகத் தூண்டிலோடு ஆழ்கடலில் சுறா தேடிச் செல்பவர்கள். அவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகளாயினர். எதிர்ப்பு எழுந்தது. அதே டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது: திமிங்கலச் சுறா, வேளா மீன் வகைகள், புதுச்சேரிச் சுறா முதலியன. 2015-இல் தூவி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பட்டியலை மீண்டும் நீட்டியது. சுறாவைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்தச் சுறா எது என்று கை வைத்துச் சொல்லக்கூடியவனைக் கேளாமல் எழுதிய சட்டம் ஐந்து மாதம்கூட நிற்கவில்லை என்பது வரலாறு.

குஜராத்தில் வேறு வழி கண்டார்கள். அங்கே திமிங்கலச் சுறாவை வேட்டையாடி வந்தனர். 2004-இல் தொடங்கிய இயக்கத்தில் கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு மீனவரிடம், அது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்றார். பின்னர் மீனவர்களே வலையை அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களை விடுவித்தனர். அறுந்த வலைக்கு இழப்பீடும் கிடைத்தது. தாய்வீடு என்பது அங்கே உவமைதான். ஆயினும் அட்லாண்டிக் கரையில், பகாமா நாட்டின் பிமினித் தீவில், எலுமிச்சைச் சுறாக்களை ஏறத்தாழ இருபதாண்டு பின்தொடர்ந்தவர்கள், பெண் சுறாக்கள் தாம் பிறந்த அதே காயலுக்குத் திரும்பி வந்து குட்டி ஈனுவதை மரபணுச் சான்றோடு 2013-இல் வெளியிட்டனர். சொல்லிவைத்தாற்போல் இருக்கிறது.

அண்ணன் மகள் கேட்ட வகைப் பயிற்சிக்கு முன்மாதிரிகளுள் ஒன்று அந்தப் பிமினி ஆய்வகமே. சாமுவேல் குரூபர் 1990-இல் தொடங்கியது. உலகெங்கிலுமிருந்து மாணவர் வந்து, வலை காத்து, சுறா பிடித்து, அளந்து, அடையாளம் பொருத்தி விடுகின்றனர். அங்கே கையாளும் முறையொன்றைப் படித்தபோது சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுறாவை மெல்லப் புரட்டி மல்லாத்தினால் அது மயங்கியதுபோல் சில நிமிடம் அசையாது கிடக்கும். அதற்குள் அளவு எடுத்துவிடலாம். நிமிர்த்தினால் விழித்துக்கொண்டு போய்விடும். போலோ சொன்ன பகல் கட்டும் இரவு அவிழ்ப்பும் நினைவுக்கு வந்தன. கடல்கட்டிக்கு இந்த வித்தை தெரிந்திருந்தது என்று நான் சொல்லவரவில்லை, அதற்குச் சான்றில்லை.

சேரச் சொன்னேன். கூடவே மூன்று கேள்விகளைப் பயிற்சி நடத்துவோரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்: சுறாவைத் தொட முறையான அனுமதி உண்டா, எடுக்கும் அளவுகள் எந்த ஆய்வுக்குப் போகின்றன, அல்லது படம் பிடிக்க மட்டுந்தானா, அக்கரையின் மீனவர் அதில் கற்பிப்போராக இருக்கிறார்களா, படகோட்டிகளாக மட்டும் இருக்கிறார்களா. கட்டணம் குறைவன்று, கேட்க உரிமையுண்டு.

புறப்படுமுன் ஒரு விடியலில் இருவரும் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். அண்ணியாரின் தையல் பெட்டியிலிருந்த அளவு நாடாதான் கருவி. ஒன்றரை மணி நேரத்தில் பதினொரு சுறாக்களை அளந்தாள். ஏலம் எடுக்க வந்த ஒரு மூதாட்டி, "வால விட்டுட்டு அளக்கியே தாயி" என்று நாடாவை வாங்கி, தாமே பிடித்துக் காட்டினார். பதினொன்றில் ஆறு பால்சுறா, ஒன்று கொம்பன். ஒன்றுக்கு இரண்டு படகுக்காரர் இருவேறு பெயர் சொல்லிச் சண்டையிட்டனர். இவள் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டு, எதிரே படகின் எண்ணையும் குறித்துக்கொண்டாள்.