கறை படிந்த சமையல் நோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சுல ‘வெண்பா’ கேமை ஆடி முடிச்சேன். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது. கதை 1988ல், கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் வீட்டில் தொடங்குகிறது. அம்மா தந்த சமையல் நோட்டில் பாதி எழுத்து அழிஞ்சிருக்கு. விடுபட்டதை நாமதான் கண்டுபிடிக்கணும். இட்லித் தட்டுகளைத் தப்பா அடுக்கினா ஆவி ஏறாது. அதெல்லாம் ஈஸி.

பல வருஷம் கழிச்சு மகன் கவின் அந்த நோட்டைத் திறக்கிறான். அவனுக்குத் தமிழ் சரியா வாசிக்க வரல. அங்கே கொஞ்ச நேரம் கேமை நிறுத்திட்டேன். குடியேற்ற வரலாறுன்னா விசா, தேதி, எண்ணிக்கைன்னு தேடுவோம். ஒரே தலைமுறையில் ஒரு வீடு எதை இழந்ததுன்னு அந்தக் காகிதங்களில் இருக்காது.

எங்க ஆச்சி எதையும் எழுதி வைக்கல. அம்மாவுக்குத்தான் தெரியும். இன்னிக்கு ராத்திரி நோட்டும் பேனாவுமா அவங்க பக்கத்துல உட்காரப் போறேன்.