ஹொங்கொங்கில் பிலிப்பினோப் பணிப்பெண்களும் திருச்சபைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

பிறநாடு சென்று, பிறர் இல்லத்திற் சமைத்தும் துவைத்தும் குழந்தைகளைப் பேணியும் ஊதியம் பெறும் பெண்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறுவது அரிது. அவர்களது உழைப்பு நாற்சுவருக்குள்ளே நிகழ்வது. ஆலைத் தொழிலாளர் ஒரே வாயிலால் உட்சென்று ஒரே வாயிலால் வெளிவருவர், அதனால் ஒருவரையொருவர் அறிவர், சங்கம் அமைப்பர். வீட்டுப் பணிப்பெண்ணோ தொழில் செய்யும் இடத்திலேயே உறங்குகின்றாள். தன்னையொத்த மற்றொரு தொழிலாளியை அவள் தொழிலிடத்திற் காண்பதில்லை. இங்ஙனம் தனித்தனியே சிதறிக் கிடந்தோர் ஓர் அமைப்பாகத் திரண்டு, இரு நாட்டு அரசுகளோடும் வாதிடும் நிலையை எய்தியமை எவ்வாறு? ஹொங்கொங்கிற் பணிபுரிந்த பிலிப்பினோப் பெண்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தரவல்லது. அவ்விடையில் திருச்சபைகளுக்குரிய பங்கு யாது, அப்பங்கின் எல்லை யாது என்பன ஈண்டு நோக்கப்படுகின்றன.

பிலிப்பைன்ஸ் மக்களின் புலப்பெயர்வை வறுமையின் விளைவென்று மட்டும் கூறுதல் போதாது. அஃது அரசு வகுத்த கொள்கையின் விளைவுமாகும். 1972இல் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்த பேர்டினண்ட் மார்க்கோஸ், 1974இல் புதிய தொழிற் சட்டக்கோவையைக் கொணர்ந்தார். தொழிலாளரை வெளிநாடுகளுக்கு அனுப்புதல் அதன்வழி அரசின் முறையான அலுவலாயிற்று. எண்ணெய் விலையேற்றமும் வெளிநாட்டுக் கடனும் நாட்டை நெருக்கிய வேளையில், வேலையின்மையைத் தணிக்கவும் அந்நியச் செலாவணியை ஈட்டவும் இது வழியெனக் கருதப்பட்டது. ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளின் கட்டட வேலைகளுக்குச் சென்றனர். பெண்கள் பலர் ஹொங்கொங், சிங்கப்பூர் ஆகிய நகரங்களின் இல்லங்களுக்குச் சென்றனர். ஹொங்கொங்கிலும் அதற்கேற்ற சூழ்நிலை நிலவியது. சீனப் பெண்கள் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பெற்றதால் வீட்டுவேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. ஆங்கிலம் அறிந்த பிலிப்பினோப் பெண்கள் அவ்விடத்தை நிரப்பினர். அவர்களுள் கல்லூரிப் படிப்பு முடித்தோரும், ஆசிரியத் தொழிலை விட்டு வந்தோரும் இருந்தமை மனங்கொளத்தக்கது.

இப்பெண்கள் தம்முடன் கொண்டுசென்றவற்றுள் அவர்களது சமயமும் ஒன்று. பிலிப்பைன்ஸில் திருச்சபையின் வரலாறு இருமுகம் கொண்டது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஆட்சியோடு வந்த கத்தோலிக்கம் நிலவுடைமைக்கும் குடியேற்ற ஆட்சிக்கும் துணைநின்றது. ஆயினும் 1872இல் ஸ்பானிய அரசினால் மரண தண்டனை விதிக்கப்பட்ட மூன்று குருமார் தேசிய உணர்வின் சின்னங்களாயினர். 1902இல் உரோமிலிருந்து பிரிந்த சுதேசத் திருச்சபை ஒன்றும் தோன்றியது. இராணுவச் சட்டக் காலத்தில் இவ்விரண்டாம் முகம் மீண்டும் வெளிப்பட்டது. கட்சிகளும் பத்திரிகைகளும் தொழிற்சங்கங்களும் ஒடுக்கப்பட்டிருந்த அந்நாளில், அரசியற் கைதிகளுக்கு உதவும் அமைப்பொன்றை 1974இல் துறவற சபைகளின் தலைவர்களே நிறுவினர். மக்கள் ஓரளவு அச்சமின்றிக் கூடிப் பேசத்தக்க இடங்களுள் கோயில் மண்டபமும் ஒன்றாயிற்று. கோயில் என்பது வழிபாட்டிடம் மட்டுமன்று, நீதி கேட்கும் இடமுமாகும் என்ற இவ்வனுபவமே பின்னர் கடல் கடந்து சென்றது.

ஹொங்கொங்கின் தொழிற் சட்டம் ஏழு நாட்களுக்கு ஒருநாள் ஓய்வளிக்கின்றது. பெரும்பாலான பணிப்பெண்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அன்று காலை பூசைக்குச் செல்வதை மறுத்தல் எசமானிக்கும் எளிதன்று. ஆகவே ஞாயிறு பூசை, சிதறியிருந்தோர் அனைவரும் ஒரே வேளையில் ஒரே இடத்திற் சந்திக்கும் வாய்ப்பாயிற்று. கார்டன் வீதியிலுள்ள கத்தோலிக்க புனித சூசையப்பர் ஆலயமும், 1849 முதல் வழிபாடு நடைபெற்றுவரும் அங்கிலிக்கன் புனித யோவான் பேராலயமும் நகரின் மத்திய பகுதியிலேயே உள்ளன. 1982 முதல் சேட்டர் வீதி ஞாயிறுகளில் வாகனங்களுக்கு மூடப்பட்டது. பூசை முடிந்து வந்த பெண்கள் அவ்வீதியிலும் அருகிலுள்ள சதுக்கத்திலும் பாய் விரித்தமர்ந்து, உணவைப் பகிர்ந்து, ஊரிலிருந்து வந்த கடிதங்களைப் படித்தனர். எசமானரின் குறைகளையும் முகவரின் மோசடிகளையும் ஒருவருக்கொருவர் கூறினர். ஆலையின் வாயில் ஆலைத் தொழிலாளருக்குச் செய்ததை, இங்கு ஆலயத்தின் வாயில் செய்தது எனலாம்.

கூடுதல் வேறு, அமைப்பாதல் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லப் பாலமாக அமைந்தது 1981இல் தோன்றிய பிலிப்பினோப் புலம்பெயர் தொழிலாளர் ஊழியம் என்னும் நிறுவனம். பல திருச்சபைகளின் ஒத்துழைப்புடன் உருவான இந்நிறுவனத்தின் பணிமனை புனித யோவான் பேராலய வளவினுள் அமைந்தது. ஒப்பந்தத்தை வாசித்துப் பொருள் விளக்குதல், தரப்படாத ஊதியத்தைக் கணக்கிடுதல், தொழிற் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதுதல், விசாரணைக்கு உடன்செல்லுதல் ஆகியன அதன் அன்றாட அலுவல்கள். காலப்போக்கில் பணிப்பெண்களே இவ்வேலைகளிற் பயிற்சி பெற்றனர். நேற்று முறைப்பாட்டோடு வந்தவள் இன்று மற்றொருத்தியின் முறைப்பாட்டை எழுதினாள். இம்மாற்றமே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

இம்மாற்றத்தின் முதற் பெருஞ்சோதனை தாய்நாட்டு அரசிடமிருந்தே வந்தது. 1982 டிசெம்பரில் மார்க்கோஸ் பிறப்பித்த 857ஆம் இலக்க நிறைவேற்றுக் கட்டளை, வெளிநாட்டிலுள்ள தொழிலாளர் தம் ஊதியத்தின் பெரும்பகுதியை அரசு அங்கீகரித்த வங்கிகளின் வழியாக அனுப்பவேண்டும் எனப் பணித்தது. வீட்டுப் பணிப்பெண்களுக்கு விதிக்கப்பட்ட வீதம் 50; கடலோடிகளுக்கு 80. மீறுவோரின் கடவுச்சீட்டு புதுப்பிக்கப்படாது போகலாம். தம் ஊதியத்தைக் குடும்பத்துக்கு அனுப்பும்படி இப்பெண்களுக்கு எவரும் கட்டளையிடவேண்டியதில்லை; அவர்கள் வந்ததே அதற்காகத்தான். எனவே அக்கட்டளை அவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. 1984இல் ஹொங்கொங்கிலிருந்த பிலிப்பினோச் சங்கங்கள் பல இணைந்து எதிர்ப்பியக்கம் நடத்தின. 1985 மே மாதத்தில் அக்கட்டளையின் தண்டனைப் பிரிவுகள் நீக்கப்பட்டன. அவ்வியக்கத்திலிருந்தே, அதே ஆண்டில், ஹொங்கொங் ஐக்கிய பிலிப்பினோக்கள் என்னும் கூட்டமைப்பு நிலைபெற்றது. திருச்சபை நிறுவனத்தின் அறையிற் பயின்றோர் இப்போது தமது பெயராலேயே பேசத் தலைப்பட்டனர்.

இரண்டாவது சோதனை ஹொங்கொங் அரசின் சட்டத்தால் எழுந்தது. 1987இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, வேலை நீக்கப்பட்ட வெளிநாட்டுப் பணிப்பெண் இரு வாரங்களுள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும். அடியும் பசியும் ஊதியக் குறைப்பும் தாங்காது வேலையை விட்டவளுக்கும் இதுவே விதி. அவள் வழக்குத் தொடுக்க விரும்பின் தங்கும் அனுமதியை நீடிக்கக் கோரலாம். ஆனால் அக்காலத்தில் வேலை செய்தல் ஆகாது. வேலையோடு வீடும் போய்விடுவதால், வழக்கு முடியும்வரை அவள் எங்கே உறங்குவாள், எதை உண்பாள்? சட்டம் ஒரு கையால் தந்த உரிமையை மறு கையால் வாங்கிக்கொண்டது. இவ்விடத்திலேதான் திருச்சபைகளின் புகலிடங்கள் தனி முக்கியத்துவம் பெறுகின்றன. 1986இல் பெத்தூன் இல்லம் என்னும் பெண்கள் புகலிடம் நிறுவப்பட்டது. அங்கு கிடைத்த ஒரு படுக்கையும் ஒருவேளைச் சோறும் வெறும் அறச்செயலென எண்ணற்க. அவை இல்லாவிடின் நீதிமன்றத்தின் கதவு அவளுக்குத் திறந்திருந்தும் பயனில்லை. 1989இல் புனித யோவான் பேராலயமும் பணிப்பெண்களுக்கெனச் சட்ட உதவி அமைப்பொன்றைத் தொடங்கியது.

பின்வந்த ஆண்டுகளில் இயக்கம் விரிந்தது. 1996இல் தோன்றிய ஆசியப் புலம்பெயர்ந்தோர் ஒருங்கிணைப்பு அமைப்பில் பிலிப்பினோக்களோடு இந்தோனேசியர், தாய்லாந்தினர், நேபாளியர் ஆகியோரின் சங்கங்களும், இலங்கைப் பணிப்பெண்களின் சங்கமும் இணைந்தன. சமயமும் மொழியும் வேறாயினும் தொழில் ஒன்று என்ற உணர்வு இதன்வழி வளர்ந்தது. 2003இல் பணிப்பெண்களின் ஆகக்குறைந்த மாத ஊதியம் 3,670 ஹொங்கொங் டொலரிலிருந்து 3,270 டொலராகக் குறைக்கப்பட்டது. குறைக்கப்பட்ட 400 டொலருக்குச் சமமான தொகையே அவ்வாண்டு எசமானர் மீது வரியாகவும் விதிக்கப்பட்டது. வரியின் சுமை எவர் தலையில் இறங்கியது என்பதை அறியப் பொருளியற் புலமை வேண்டியதில்லை. பணிப்பெண்கள் அதனை வீதியில் இறங்கி எடுத்துரைத்தனர். அவ்வரி 2008இல் இடைநிறுத்தப்பட்டு 2013இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் எல்லாப் போராட்டங்களும் வென்றில. ஏழாண்டு வாழ்ந்த ஏனைய வெளிநாட்டினர் பெறத்தக்க நிரந்தர வதிவுரிமையைப் பணிப்பெண்ணும் பெறலாமா என்ற வழக்கில், 2013 மார்ச்சில் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றம் பெறமுடியாதெனத் தீர்ப்பளித்தது.

ஹொங்கொங்கில் நிகழ்ந்தது எங்கும் நிகழவேண்டியதொன்றன்று என்பதைச் சிங்கப்பூர் காட்டுகின்றது. அங்கும் 1980களில் கேலாங் பகுதியிலிருந்த கத்தோலிக்க நிலையம் வெளிநாட்டுத் தொழிலாளருக்குப் புகலும் ஆலோசனையும் அளித்தது. 1987 மே, ஜூன் மாதங்களில், மார்க்சியச் சதி என்ற குற்றச்சாட்டின்பேரில் 22 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுட் சிலர் திருச்சபைப் பணியோடு தொடர்புடையோர். நிலையம் மூடப்பட்டது. அரசு முகஞ் சுளித்தபோது திருச்சபைத் தலைமையும் பின்வாங்கியது. வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு வாராந்த ஓய்வுநாள் அங்கு சட்டமானது 2013ஆம் ஆண்டிலேதான். அதற்கும் பதிலாகப் பணம் பெற இடமிருந்தது. கூடும் நாளும் கூடும் இடமும் இல்லாதவிடத்து அமைப்பு வேரூன்றுதல் எத்துணைக் கடினம் என்பது இவ்வொப்பீட்டாற் புலனாகும்.

திருச்சபையின் பணி குறைகளுக்கு அப்பாற்பட்டதன்று. துன்பத்தைப் பொறுத்தலே புண்ணியம் என்னும் போதனை, ஊதியம் மறுக்கப்பட்டவளை மௌனத்தில் ஆழ்த்தவும் கூடும். தாய் வெளிநாடு சென்றதாற் குடும்பம் சிதைகின்றதெனப் பிரசங்கிப்போர், அவளை அனுப்பிய பொருளாதாரத்தை விட்டு அவளையே குற்றவாளியாக்குகின்றனர். அரசும் இத்தகைய மொழியையே வேறு வகையிற் கையாண்டது. 1988இல் ஹொங்கொங்கில் இப்பெண்களிடையே பேசிய ஜனாதிபதி கொரசோன் அக்கினோ அவர்களைப் புதிய வீரர்கள் எனப் புகழ்ந்தார். 1995இல் சிங்கப்பூரிற் பிலிப்பினோப் பணிப்பெண் ஒருவர் தூக்கிலிடப்பட்டபோது எழுந்த மக்கட் கொதிப்பின் பின்னரே, புலம்பெயர் தொழிலாளர் பாதுகாப்புக்கான 8042ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. புகழ்ச்சி சட்டமாக மாறுவதற்கு ஓர் உயிர் விலையாயிற்று.

2019இன் இறுதியில் ஹொங்கொங்கில் ஏறத்தாழ 4 இலட்சம் வெளிநாட்டுப் பணிப்பெண்கள் இருந்தனர். அவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் பிலிப்பினோக்கள். அவர்களை அனுப்பிய பொருளாதாரம் மாறவில்லை. இரு வார விதியும் நீக்கப்படவில்லை. திருச்சபைகள் இவற்றை மாற்றும் வலிமை பெற்றிருந்தன எனக் கூறுதல் மிகையாகும். அவை அளித்தவை ஓர் இடம், ஒரு நாள், ஒரு கூரை, சட்டத்தைப் படிக்கும் அறிவு ஆகியவையே. பெற்றவற்றைக் கொண்டு அமைப்பைக் கட்டியோர் அப்பெண்களே. உதவி பெறுவோரை என்றும் உதவி பெறுவோராகவே வைத்திருக்கும் தொண்டு ஒருவகை. அவர்கள் தாமே பேசத் தொடங்கியதும் வழிவிட்டு விலகி நிற்கும் தொண்டு பிறிதொருவகை. ஹொங்கொங்கில் இரண்டாவது வகை ஓரளவேனும் நிகழ்ந்தது. அதனால்தான் அது வரலாற்றில் இடம்பெறத் தக்கதாகின்றது.