ஒட்டுத் தாளில் ஓர் உயர்கலை

பெருநாள் நெருங்குகையில் நம் இல்லத்துச் சிறார்கள் பழைய நாட்காட்டிப் படங்களையும் திருமண அழைப்பிதழ்களின் பொன்னிற ஓரங்களையும் கத்தரித்து, அட்டையில் ஒட்டி வாழ்த்து மடல்கள் செய்வதைக் காண்கிறோம். குப்பையைக் கிளறுவதாக அவர்களைக் கடிந்துகொள்வதும் உண்டு. ஆனால், துண்டுத் தாள்களை இணைத்து ஒட்டுவது முஸ்லிம் அரசவைகள் போற்றி வளர்த்த கலை என்பதை நம்மில் பலர் அறியோம்.

மேனாட்டார் இத்தகைய வேலையைக் 'கொலாஜ்' என்பர். பிக்காஸோவும் பிராக்கும் 1912-இல் தம் ஓவியங்களில் தாள்களை ஒட்டியதிலிருந்தே அதன் வரலாற்றைத் தொடங்குவோர் பலர். அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத்தில் 'முரக்கா' எனும் தொகுப்பேடுகள் செழித்திருந்தன. நோக்கம் வேறாயினும் கைவேலை ஒன்றே.

'முரக்கா' எனும் அரபுச் சொல்லுக்கு 'ஒட்டுப்போட்டது' என்பது பொருள். சூஃபிகள் அணிந்த ஒட்டுப்போட்ட அங்கிக்கும் இதே வேரிலிருந்துதான் பெயர் பிறந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் அறிவோம். கிழிந்ததை எறியாது இணைத்துக்கொள்வது நமக்கு இழிவன்று, எளிமையின் அடையாளம்.

ஷா தஹ்மாஸ்பின் இளவல் பஹ்ராம் மிர்ஸாவுக்காக, எழுத்தணிக் கலைஞர் தோஸ்த் முஹம்மது ஹிஜ்ரி 951-இல் (கி.பி. 1544-45) ஒரு முரக்காவைத் தொகுத்து முன்னுரையும் வரைந்தார். முன்னோரின் எழுத்துகளும் ஓவியங்களும் தனித்தனித் தாள்களாகச் சிதறாமல் காப்பதே இத்தகைய ஏடுகளின் பயன். அவ்வேடு இன்று இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனை நூலகத்தில் உள்ளது.

இந்தியாவில் ஜஹாங்கீர் (ஆட்சி 1605–1627) தொகுப்பித்த 'குல்ஷன்' முரக்காவில் ஹிராத் நகரத்து மீர் அலியின் எழுத்தணியோடு ஐரோப்பிய அச்சுப் படங்களும் இடம்பெற்றன. அதன் பெரும்பகுதி இப்போது தெஹ்ரானில் இருக்கிறது. அவர் பேரர் தாரா ஷிகோஹ் தம் துணைவி நாதிரா பானுவுக்கு அன்பளித்த ஏடோ லண்டனில் இருக்கிறது. 1659-இல் தாரா கொல்லப்பட்டார். அவர் தம் கையால் எழுதிய அன்பளிப்பு வாசகத்தின் மீதும் பின்னர் யாரோ பொன்வண்ணம் பூசி மறைத்தனர். ஆயினும் ஏடு அழியவில்லை. அரசு இழந்தவரின் அன்பை ஒட்டுத் தாள்கள் காத்து நிற்கின்றன.

இங்கே நம் நெஞ்சை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பரண்களில் பாட்டனாரின் கடிதங்களும், பாட்டிமார் ஓதிய அரபுத் தமிழ் ஏடுகளின் உதிரித் தாள்களும் கிடக்கின்றன. வீடு வெள்ளையடிக்கும்போது அவற்றைப் பழைய தாளாக எடைக்குப் போட்டுவிடுகிறோம். இழந்தபின் எந்த அரண்மனையிலும் அவை கிடைக்கமாட்டா.

சிறார்களிடம் நாட்காட்டியையும் அழைப்பிதழையும் கொடுப்போம். மகிழ்ந்து வெட்டி ஒட்டட்டும். முன்னோரின் கையெழுத்தை மட்டும் கத்தரியிடமிருந்து காத்து, ஓர் ஏட்டில் சேர்த்து வைப்போம். அதுவே நம் குடும்பத்தின் முரக்கா.